சிவந்த சரிவு

நிலவியல் மாணவி ஜெசிந்தா அப்போதுதான் கணினி நிரல் எழுதப் பழகியிருந்தாள். மழையளவையும் மலைச்சரிவையும் கொடுத்தால், மண் சரியக்கூடிய இடத்தை அவளுடைய நிரல் வரைபடத்தில் சிவப்பாகக் காட்டும். பயிற்சிக்காகச் சொந்த ஊரைக் கொடுத்துப் பார்த்தாள். அக்கா வீட்டின் மேல் சிவப்பு விழுந்தது. நிரலில்தான் தப்பு என்று தேடினாள். தப்பு கிடைத்தது, திருத்தி மறுபடி ஓட்டினாள். சிவப்பு இன்னும் பரவியது.

உடனே அக்காவுக்குப் போன் போட்டாள். "அங்க மழையாக்கா?"

"விடாம கொட்டுதுடி. காலையிலருந்து பின்கதவு சாத்த மாட்டேங்குது, நிலையே கோணிக்கிச்சு."

வீட்டுக்கடியில் மண் நகர்ந்தால் கதவு நிலை கோணும் என்று ஜெசிந்தா படித்திருந்தாள். "அக்கா, புள்ளைகளத் தூக்கிட்டு வெளிய ஓடு! எதையும் எடுக்காத!"

அக்கா போனை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். பிள்ளைகளின் அழுகை விலகிக்கொண்டே போனது. பிறகு மழைச் சத்தம். அதற்கும் அடியிலிருந்து ஏதோ உறுமத் தொடங்கியது.