பவுடர் இல்லாமல் ஒரு படம்

“இன்னும் கொஞ்சம் கலரா பண்ணும்மா. மாப்ள சிங்கப்பூர்ல இருக்காரு” என்றாள் அந்த அம்மாள், கம்ப்யூட்டருக்குள் தலையை நுழைக்காத குறையாக.

மாலதிக்கு வந்த ஆத்திரத்தில் மவுஸைத் தூக்கி அடித்திருப்பாள். பக்கத்தில் நின்ற பெண்ணைப் பார்த்தாள். மாநிறம், நல்ல லட்சணம். திரையில் இருந்ததோ சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது.

“இதுக்கு மேல வெளுத்தா மூக்கே தெரியாதும்மா.”

“மூக்க யாரு பாக்குறாங்க? அவுங்க கேக்குறது கலரு. நீ பண்ணு.”

உள்ளே இருந்து கண்ணாயிரம் வந்தார். சிதம்பரம் கீழ சன்னதியில் அந்த ஸ்டுடியோவை நடத்துபவர், மாலதியின் முதலாளி. வந்த வேகத்திலேயே பிடித்துக்கொண்டார்.

“ஏம்மா, பெத்த பொண்ண நீங்களே மறைக்கிறீங்களே, நல்லாவா இருக்கு? கறுப்பு என்ன வியாதியா? அடுத்த வாரம் எனக்கு மீடியம் ஃபார்மட் கேமரா வருது. இந்த ஜில்லாவுலயே யாருகிட்டயும் கெடையாது. உள்ளத உள்ளபடி காட்டும். அதுல எடுக்கிற படத்துல ஒரு புள்ளியிலகூட கை வைக்க மாட்டேன். இஷ்டம்னா அப்ப வாங்க. இல்லேன்னா வேற கடையப் பாருங்க.”

அந்த அம்மாள் முணுமுணுத்தபடி பெண்ணை இழுத்துக்கொண்டு போனாள். அந்தப் பெண் மட்டும் படியில் நின்று கண்ணாயிரத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

மாலதிக்குக் கைதட்ட வேண்டும் போல் இருந்தது.

இந்த நாற்காலியில் உட்கார்ந்து எத்தனை பெண்களை வெளுத்திருக்கிறாள். முகூர்த்த நாளில் திருவந்திபுரம் கோயிலுக்குப் போனால், மாலையும் கழுத்துமாக நிற்கிற பெண்களில் பாதிப் பேர் அவள் வெளுத்து அனுப்பியவர்கள்தான். கடைசியில் அம்மா பக்கத்தில் நின்று “இன்னும், இன்னும்” என்று நச்சரிக்க, தன் படத்தையும் தன் கையாலேயே வெளுத்தாள்.

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு சேத்தியாத்தோப்பிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பட்டுப்புடவை கட்டி, காபித் தட்டோடு போய் நின்றாள் மாலதி. மாப்பிள்ளையின் அம்மா தம்ளரை எடுத்துக்கொண்டே சொன்னாள்.

“பொண்ண வரச் சொல்லும்மா.”

அது இன்னும் ஆறவில்லை. வந்தவள் மேல் கோபமா, அம்மா மேல் கோபமா, மவுஸைப் பிடித்த தன் கையின் மேல் கோபமா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது.

இப்போது ஆசிரியர் வேலையில் இருக்கும் ஒரு வரன் வந்திருக்கிறது. அம்மா அந்தப் பழைய படத்தையே கொடுக்கத் துடித்தாள். மாலதி விடவில்லை.

“புது கேமரா வரட்டும். நான் நானா இருக்கிற படம் போவட்டும். அதப் பாத்துப் புடிச்சா வரட்டும், இல்லேன்னா யாரும் வர வேணாம்.”

கேமரா சொன்ன நாளில் வரவில்லை. கேமரா அனுப்ப வேண்டிய சென்னைக்காரன் இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்தான்.

“ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கேன்யா, என்னை என்ன கேனையன்னு நெனச்சியா?” என்று கண்ணாயிரம் போனில் கத்தினார்.

மாலதி வீட்டில் அம்மா கத்தினாள். “கேமரா வரலன்னு எவளாவது கல்யாணத்த நிறுத்துவாளாடி? அவுங்க வேற எடம் பாத்துட்டுப் போயிடுவாங்க.”

“போவட்டும்” என்றாள் மாலதி. சொல்லிவிட்டாளே தவிர, உள்ளுக்குள் பயம்தான்.

ஒருவழியாகக் கேமரா வந்து சேர்ந்தது. தில்லைக்காளி கோயிலில் பூஜை போட்டு, பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்துக் கையோடு தூக்கி வந்தார் கண்ணாயிரம்.

“மாலதி, வந்து உக்காரு. மொதப் படம் உன்னுதுதான்.”

அவளால் நம்ப முடியவில்லை. “எனக்கு எதுக்கு சார்? உங்க பையன் சேரன எடுங்களேன்.”

“அவன எப்ப வேணா எடுக்கலாம். நீ உக்காரு. பவுடர் கிவுடர் போட்டுடாத, மூஞ்சியக் கழுவிட்டு வா.”

விளக்குகள் எரிந்தன. படம் திரையில் விரிந்தது.

நெற்றி ஓரத்துச் சின்ன முடி. மேலுதட்டு மச்சம். வெளிச்சம் பட்டு மினுங்கிய கறுப்புக் கன்னம். இத்தனை வருஷம் தானே அழித்துக்கொண்டிருந்த முகம் இவ்வளவு அழகா என்று மாலதிக்குக் கண் கலங்கிவிட்டது.

“நல்லாருக்கேன் இல்ல சார்?” வெட்கத்தை விட்டுக் கேட்டேவிட்டாள்.

“அப்படியே நீதான்” என்றார் கண்ணாயிரம். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி அவள் கன்னத்தையே பார்த்தார். முகமெல்லாம் பூரிப்பு. செல்போனை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் நடந்தார். சந்தோஷத்தில் குரலைத் தாழ்த்தத் தோன்றவில்லை அவருக்கு.

“தரகரே, கேமரா வந்துடுச்சு. நம்ம சேரனுக்குச் சொன்னீங்களே, கடலூர் செம்மண்டலத்துப் பொண்ணு, அத கோயிலுக்கு வர்ற சாக்குல இங்க கூட்டியாந்துடுங்க. ஒரு படம் எடுத்துப் பாத்துடுவோம். நேர்ல பாத்தா பவுடர்ல மயங்கிடுவோம்யா, இது அடியில இருக்கிறதயும் காட்டிடும். போட்டோவுல நல்ல கலர்தான், யாரு இல்லேன்னா? பின்னால திருப்பிப் பாருங்க, நம்ம ஸ்டுடியோ சீல் இருக்கு. அத எப்பிடி நம்புறது? கவலைப்படாதீங்க, இப்பதான் கடையில இருக்கிறதுலயே கறுப்பா ஒருத்திய உக்கார வெச்சு சோதிச்சுப் பாத்தேன். துளி ஏமாத்தல.”