ராஜாவை வெட்டிய ரெண்டு

சீட்டாடுகிறவன் என்றால் கல்யாணம் கிடையாது என்று என் மனைவி முடிவாகச் சொல்லிவிட்டாள். விசாரிக்கிற வேலை என்னுடையது.

மகள் தர்ஷிணி கூட்டி வந்த சர்வின் மாசாயில் தொழிற்சாலை வேலை பார்க்கிறவன். முகத்தில் அத்தனை அடக்கம். அடக்கமானவனை நம்பி எனக்குப் பழக்கமில்லை.

"சீட்டாடுவீங்களா தம்பி?"

"தொட்டதே இல்ல அங்கிள்."

"சரி, ஃபோன்ல போக்கர்னு ஒண்ணு வருதாம். கத்துக்கலாம் வாங்க."

இதற்கென்றே வாங்கி வந்த சீட்டுக்கட்டை எடுத்து வைத்தேன். தர்ஷிணி ஃபோனைப் பார்த்து வாசித்தாள். ஜோடி சின்னது, ஒரே மாதிரி மூன்று வந்தால் பெரியது, வரிசையாக ஐந்து வந்தால் இன்னும் பெரியது. பையன் திருதிருவென்று விழித்தான்.

ராஜா ஜோடியை ஒரு பக்கமும் ரெண்டாம் நம்பர் ஜோடியை மறு பக்கமும் வைத்தேன்.

"இதுல எது பெரிசு?"

"ரெண்டு" என்றான் சட்டென்று.

தர்ஷிணி சிரித்தாள். "அலமாக், ராஜாதான் லா பெரிசு. பாத்தீங்களாம்மா, இவருக்கு ஒண்ணுமே தெரியல."

மனைவி நிம்மதியாகத் தேத்தண்ணி கலக்க எழுந்து போனாள். தர்ஷிணியும் பின்னாலேயே போனாள்.

நான் சிரிக்கவில்லை. சீட்டே தெரியாதவனும் ராஜாவைத்தான் காட்டுவான். இங்கே ராஜாவை ரெண்டு வெட்டுவது, நாலு பேர் ஆடும் சோ டாய் டீ என்கிற சீட்டாட்டத்தில்தான்.

"எத்தன வருஷமா சோ டாய் டீ ஆடுறீங்க?"

அவன் முகம் வெளுத்தது. "ஆன்ட்டிகிட்ட சொல்லிடாதீங்க அங்கிள்."

"மெதுவா பேசுங்க மாப்ள. நான் ஆடுறதே அவளுக்குத் தெரியாது. ஞாயித்துக்கெழம கோயிலுக்குன்னு சொல்லிட்டுக் கெளம்பிடலாம். நாலாவது ஆள் கெடைக்காம எங்க ஆட்டமே நின்னு கெடக்கு."