எச்சில் நட்சத்திரம்

மணி மூன்று முப்பத்தெட்டு. சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு, முப்பத்தாறு பிள்ளைகளில் ஒருவர்கூட இடத்தை விட்டு எழவில்லை.

ஆராய்ச்சி மாணவி கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அதைக் குறித்துக்கொண்டாள். பிரம்பு வேண்டாம், நல்ல நடத்தையைப் பாராட்டினால் போதும் என்பது அவளுடைய ஆய்வு. முந்தைய இரண்டு பள்ளிகளும் காலை வாரிவிட்டன. இங்கேயும் எண்கள் தேறாவிட்டால் மூன்று வருட உழைப்பு குப்பைக்குத்தான்.

எண்கள் தேறின. பார்க்கத்தான் சகிக்கவில்லை. இரண்டாம் வகுப்பு டீச்சர் ஒவ்வொரு காகித நட்சத்திரத்தையும் நாக்கில் தொட்டுத் தொட்டுப் பிள்ளைகளின் சட்டையில் ஒட்டியிருந்தார். "என் தங்கம்ல" என்று ஒரே குரலில் முப்பத்தாறு தடவை. கடைசிப் பிள்ளைக்கு வரும்போது உதட்டோரம் பசை நுரைத்திருந்தது.

மூன்று மணிக்கு ஆராய்ச்சி மாணவி கழிப்பறைக்குப் போனபோது தலைமையாசிரியையும் கூடவே வந்தார். முன்பெல்லாம் தண்ணீர், ஒன்றுக்கு என்று ஏதாவது சாக்குச் சொல்லிப் பாதி வகுப்பு இங்கேதான் நிற்கும் என்றார். இப்போது தரை காய்ந்து கிடந்தது. அவர் ஈறு தெரியச் சிரித்தார். அந்த இளிப்பு அவளுக்குக் குமட்டியது. ஆனாலும் எழுதிக்கொண்டாள்.

மணி அடித்தது. பிள்ளைகள் வாசலுக்கு ஓடவில்லை. பைகளைப் போட்டது போட்டபடி, முட்டி மோதிக்கொண்டு கழிப்பறைப் பக்கம் பாய்ந்தார்கள்.

முன்வரிசைச் சிறுமி ஒருத்தி மட்டும் எழவில்லை. அவளுடைய பெஞ்சுக்குக் கீழே ஈரம் பரவியது. யாரும் கேட்காமலே சட்டையிலிருந்த நட்சத்திரத்தைப் பிய்த்து நீட்டினாள். டீச்சர் அதை வாங்கி டப்பாவில் போட்டு மூடினார்.

ஆராய்ச்சி மாணவி எழுந்து முன்னால் வந்தாள்.

"சின்னப் பிள்ளைங்கள ஒன்னுக்குப் போகக்கூட விடமாட்டீங்களா? நீங்கல்லாம் மனுஷங்கதானா?"

டீச்சர் கோபப்படவில்லை. பழந்துணி ஒன்றை எடுத்துக்கொண்டு பெஞ்சடியில் குனிந்தார்.

"போகாதேன்னு நான் ஒரு நாளும் சொன்னதில்ல. நட்சத்திரம் போயிடும்னு அதுங்களே அடக்கிக்குதுங்க." துடைத்தபடியே, சுவரில் ஒட்டியிருந்த தாளை முகவாயால் காட்டினார். "'பாடவேளையில் வெளியே போகாமல் இருப்பவரைப் பாராட்டவும்.' நீங்க எழுதிக் குடுத்ததுல நாலாவது வரி. அந்த வரிய அடிச்சிடட்டுமா மேடம், இல்ல நாளைக்கும் இருக்கட்டுமா?"