மூன்றாம் படி

தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்துக்கு மேலே, மாதா கெபியின் மூன்றாம் படியில்தான் சிக்னல் கிடைக்கும். கொழுந்து பறிக்க இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் யூஜினா அங்கே உட்கார்ந்திருக்கிறாள். மாலைப் பனி கெபியின் கண்ணாடியை மூடிக்கொண்டிருக்கிறது. போனில் கொழும்பு டொக்டரின் முகம் உறைகிறது, அசைகிறது, மறுபடி உறைகிறது. இனியொரு பிள்ளை தங்காமலிருக்க மாத்திரை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறாள். இரண்டு படி மேலே மாமியார் இசபெல் முழந்தாளிட்டு ஜெபமாலை சொல்கிறாள். டொக்டர் வாய் திறக்கும்போதெல்லாம் அவள் குரல் ஏறுகிறது. அவள் கொளுத்திய மெழுகுதிரி மாதாவுக்கு முன்னால் இல்லை. யூஜினாவின் முதுகுக்குப் பின்னால், பின்னல் நுனி கருகும் தூரத்தில் எரிகிறது. “என்ன சத்தம்? தனியாத்தான் இருக்கீங்களா?” என்கிறார் டொக்டர். “மாமி ஜெபம் சொல்றாங்க, டொக்டர்.” “எத்தன பிள்ளைங்க?” “மூணு.” ஜெபமாலை நிற்கிறது. “நாலு பெத்தா. கடைசிய மண்ணுக்குக் குடுத்தா. அதையும் சொல்லச் சொல்லுங்க,” என்கிறாள் இசபெல், போனைப் பார்த்து. யூஜினா திரும்பவில்லை. கொழுந்துக் கறை படிந்த விரல் போனின் சத்தத்தைக் கடைசிவரை கூட்டுகிறது. “நாலுன்னே எழுதுங்க, டொக்டர். நெறமாசத்துலயும் என் தலையில கூடைய மாட்டி மலைக்கு வெரட்டுனது யாருன்னும் சேத்து எழுதுங்க.”