அணையில் ஓர் ஓட்டை

யுத்த காலத்தில் மூடிப்போன ஒரு தோல் தொழிற்சாலைக்காக, திருவொற்றியூருக்கு மேற்கே எப்போதோ கட்டிய கான்கிரீட் அணை அது. அதன் அடியில் ஓட்டை விழுந்திருப்பதாகப் புகார் வந்ததும், ஐப்பசி மழைக்கு முன் அடைத்துவிட ஓவர்சியர் வரதன் சிமெண்டோடு வந்து சேர்ந்தார்.

ஓட்டைக்கு முன்னால் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள் கெங்கம்மா.

"எந்திரிம்மா, அடைக்கணும்."

"அடைக்கக் கூடாது நைனா."

"முப்பது வருஷத்து அணை இது. ஓட்டை பெரிசானா சுவரே சரிஞ்சிடும். உன் வீடு எங்கே?"

"இங்கதான், பக்கத்துல கீது. நாப்பது வூடுங்க."

"அப்போ முதல்ல அடிச்சுக்கிட்டுப் போறது நீங்கதான்! உயிர் மேல ஆசை இல்லியா?"

"ஆசை கீறதாலதான் ஒக்காந்துகினு கீறேன். நீ அடைச்சேன்னு வையி, நாப்பது குடும்பமும் பூடும்."

வரதனுக்குத் தலை சுற்றியது. அணை உடையக் கூடாதென்று அழுதவர்களை அவர் பார்த்திருக்கிறார். ஓட்டைக்குக் காவல் இருப்பவளை இன்றுதான் பார்க்கிறார்.

"வீட்டைக் காட்டு" என்றார்.

அவள் அவரை அணையின் மேல் ஏற்றி, மறுபக்கம் கை நீட்டினாள். தண்ணீர் நிற்க வேண்டிய பள்ளத்துக்குள் நாற்பது குடிசைகள். நீர்மட்டம் பார்க்கும் அளவுக்கல்லில் யாரோ ஆட்டைக் கட்டியிருந்தார்கள்.

"மழைத்தண்ணி எல்லாம் அந்த ஓட்ட வழியாத்தான் பூடுது நைனா."

வரதன் சிமெண்டைத் திருப்பி அனுப்பினார். பிறகு அறிக்கை எழுதினார்: 'ஓட்டை நல்ல நிலையில் உள்ளது. குப்பை அடைக்காமல் பராமரிக்க ஓர் ஆள் தேவை. கெங்கம்மாவை நியமிக்கலாம்.'