பாராட்டு நின்ற வாரம்

சகலருக்கும் மிகுந்த மனவேதனையுடன் தெரிவிப்பது: சுழல் நாற்காலி தயாரிக்கும் அந்த நிறுவனத்தின் வரலாற்றில் முதன்முறையாக, பொது மேலாளரின் காலைச் சிந்தனையை ஒருவர்கூடப் பாராட்டவில்லை.

ஒரு நாள் அல்ல. ஒரு வாரமாக.

தினமும் ஒன்பது மணிக்கு ஊழியர் அனைவருக்கும் மெயிலில் ஒரு சிந்தனை அனுப்புவார் மேலாளர். 'உட்கார்ந்தவனால்தான் எழுந்திருக்க முடியும்' என்கிற ரகம். அடுத்த சில நிமிடங்களில் பிரிவுத் தலைவர்கள் அத்தனை பேரும் உருகி உருகிப் பதில் போட்டுவிடுவார்கள். அதைப் படித்த பிறகுதான் அவருக்குக் காபி இறங்கும்.

போன வாரம் அலுவலகக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் புது ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு மாறின. அன்றோடு பதில்கள் நின்றன.

மாற்றியே தீரவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவன் கம்ப்யூட்டர்காரன். "ஒரு சின்னச் சிக்கல்கூட வராது சார்" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவனும் அவனே.

நேற்று மாலை மேலாளர் தீர்ப்பு வழங்கிவிட்டார். "உங்க புது சிஸ்டம் மெயிலை முழுங்குது. நாளைக்குக் காலையில பதில் வரலைன்னா பழைய சிஸ்டம் திரும்பி வரும். நீங்க கிளம்பிடுவீங்க."

மெயிலை எதுவும் விழுங்கவில்லை என்று அவனுக்குத் தெரியும். அதை வெளியே சொல்ல முடியாது என்றும் தெரியும்.

ஏனென்றால், அந்தப் பதில்களை எழுதியது பிரிவுத் தலைவர்கள் அல்ல. ஒரு ஸ்கிரிப்ட்; பழைய சிஸ்டத்தில் தானாக ஓடிக்கொண்டிருந்த குட்டி புரோகிராம்.

கணக்குப் பிரிவுத் தலைவர் அவனுடைய அக்கா புருஷன்; இந்த வேலையை வாங்கிக் கொடுத்த புண்ணியவான். அவர் காதோடு காதாகக் கேட்டதால் எழுதிக் கொடுத்தான். மேலாளரின் மெயில் வந்ததும், சேர்த்துவைத்த பாராட்டுகளில் ஒன்றை உருவி, மாமா பெயரில் தானாகவே அனுப்பிவிடும். பிறகு விற்பனைக்காரர் வந்தார். கிடங்குக்காரர் வந்தார். மிச்சப் பேரும் வந்தார்கள். எல்லாம் தனித்தனியாக, ரகசியமாக. இந்தச் சுகம் தனக்கு மட்டும்தான் என்று ஒவ்வொருவருக்கும் நினைப்பு.

காலையில், ஒன்பது மணிக்குக் கொஞ்சம் முன்னால் மாமா போனில் வந்தார்.

"மாப்ள, என் பாராட்டு என்னடா ஆச்சு?"

"இன்னைக்கு ஒருநாள் நீங்களே எழுதிடுங்களேன் மாமா."

"விளையாடுறியா? எழுதணும்னா அவர் அனுப்புறதைப் படிக்கணுமேடா!"

போனை வைத்துவிட்டு ஸ்கிரிப்டோடு மல்லுக்கட்டினான். உள்ளே ஃபைல்களுக்கு வழிகாட்டும் சாய்கோடுகள் எல்லாம் பழைய சிஸ்டத்தின் பக்கமே சாய்ந்திருந்தன. ஒவ்வொன்றையும் பிடித்து மறுபக்கம் சாய்த்தான். ஓடச் சொன்னான்.

'அனுமதி இல்லை' என்றது கம்ப்யூட்டர். தான் பெற்ற பிள்ளையைத் தூக்கத் தனக்கே அனுமதி இல்லையாம். அனுமதி கொடுத்தான்.

'அப்படி ஒரு ஃபைலே இல்லை' என்றது. ஃபைல் கண்ணெதிரே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தது.

தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் புரிந்தது. பழைய சிஸ்டம் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்தை ஒட்டிவைத்திருந்தது. வீட்டைக் காலி செய்தவர்கள் சுவரெல்லாம் ஆணியை விட்டுப் போவதுபோல. எல்லா ஆணியையும் பிடுங்கினான். ஒவ்வொரு பதிலுக்கு முன்னும் கொஞ்சம் பொறுக்கும்படி ஸ்கிரிப்டில் எழுதியிருந்ததைச் சோதனைக்காக எடுத்திருந்தான். திரும்பச் சேர்க்க நேரமில்லை.

மணி ஒன்பது. மேலாளரின் மெயில் வந்து விழுந்தது.

பின்னாலேயே மேலாளரும் வந்து விழுந்தார். மாடிப்படி முழுவதும் ஓட்டம்.

"நிறுத்துங்க! நிறுத்துங்க! அது வீட்டுக்குப் போகவேண்டியது!"

மனைவியிடம்கூட மெயிலில்தான் பேசுகிறவர் அவர். அவசரத்தில், அவளுக்குப் போகவேண்டியது ஊழியர் அனைவருக்கும் போய்விட்டது. திரையில் தெரிந்தது:

'குளியலறைக் குழாய் இரவெல்லாம் ஒழுகுகிறது. இன்றாவது ஆள் வரச்சொல்.'

கம்ப்யூட்டர்காரன் பதறிப்போய்க் கையை நீட்டினான். ஒரு வாரப் பட்டினியில் கிடந்த ஸ்கிரிப்ட் முந்திக்கொண்டது.

மேலாளரின் போன் விடாமல் மணியடித்தது.

கணக்குப் பிரிவு: 'மனித வாழ்க்கையையே இரண்டு வரியில் அடக்கிவிட்டீர்கள் ஐயா.'

விற்பனை: 'படித்ததும் கண் கலங்கிவிட்டது.'

கிடங்கு: 'என் பிள்ளைகளை உட்காரவைத்து வாசித்துக் காட்டினேன்.' மெயில் போய் இன்னும் அரை நிமிடம்கூட ஆகவில்லை.

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் படித்தார். பிறகு தான் அனுப்பியதையே எடுத்து, உதடு அசைய ஒருமுறை படித்தார். பக்கத்திலிருந்த சுழல் நாற்காலியில் உட்கார்ந்து மெல்ல அரைச்சுற்று சுற்றினார்.

"எழுதும்போது எனக்கே தோணலை. படிக்கப் படிக்க… ஆழமாத்தான் இருக்கு, இல்ல?"

"ரொம்ப ஆழம் சார்" என்றான், போன உயிர் திரும்பி வந்தவனாக.

புது சிஸ்டம் நிலைத்தது. அவன் வேலையும் நிலைத்தது. அந்த இரண்டு வரியைப் பித்தளைத் தகட்டில் பொறித்து நுழைவாயிலில் மாட்டினார்கள். திறப்பு விழாவில் மாமாதான் ரிப்பனைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

குழாய் இன்னும் ஒழுகுகிறது.