செல்வராணி அக்கா கொடுத்த நற்சான்று

செல்வராணி அக்கா போலீஸ்காரரிடம் சொன்ன முதல் பொய், ஃபிராங்க்ளின் குடிப்பான் என்பது.

இஸ்திரி போட்ட சட்டையோடு மாடிப்படியில் நின்று ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த ஃபிராங்க்ளினுக்குத் தலை சுற்றியது. ஞாயிறு தவறாமல் சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறவன் அவன். இதுவரை குடித்ததில் காரமானது அக்கா மெஸ் ரசம்தான்.

பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்திருந்த ஹால்தார் பாபு பேனாவைத் திறந்தார்.

"நிஜமாவா தீதி?"

"பின்னே? பொழுது விடிஞ்சுதான் வீட்டுக்கு வருவான். கண்ணு ரெண்டும் கோவைப்பழம் மாதிரி இருக்கும்."

சால்ட் லேக்கில் நைட் ஷிப்ட் பார்க்கிறவன் கண் வேறு எப்படி இருக்கும்? பவானிபூரில் பதினாறு வருஷம் மெஸ் நடத்தியும் திக்கித் திணறுகிற அக்காவின் பெங்காலி, இன்றைக்கு மட்டும் குழாயைத் திறந்த மாதிரி கொட்டியது.

"சண்டை சச்சரவு?"

"எதிர் வீட்டு நாயைக் கேளுங்க. இவன் தலையைப் பார்த்தாலே கட்டிலுக்கு அடியில போயிரும்."

நாய் மறுத்துப் பேசாது என்பதால் ஹால்தார் பாபு அதையும் எழுதிக்கொண்டார். அக்கா அவர் தட்டில் இன்னொரு பொடி தோசையைப் போட்டு நெய்யை ஊற்றினாள். நல்ல பெயர் எழுதச் சொல்லி நெய் ஊற்றுகிறவர்கள் உண்டு. கெட்ட பெயருக்கு நெய் ஊற்றிய முதல் ஆள் அக்காதான்.

ஜீப் கிளம்பியதும் ஃபிராங்க்ளின் இறங்கி ஓடிவந்தான்.

"யக்கா! என்ன காரியம் பண்ணீட்டீங்க!"

"சட்டை ஜோரா இருக்கே. உக்காரு, தோசை ஊத்துறேன்."

"பாங்காக் வேலை, யக்கா! எண்பதாயிரம் சம்பளம்! இன்டர்வியூகூடக் கிடையாதாம், டைப்பிங் தெரிஞ்சா போதுமாம். சதீஷ்தான் மெசேஜ் போட்டிருக்கான். போட்டோவைப் பாருங்க, நீச்சல் குளத்துல காலைத் தொங்கப் போட்டுக்கிட்டு ராஜா மாதிரி உக்காந்திருக்கான். போன வருஷம் வரைக்கும் என் கட்டிலுக்குக் கீழ்க் கட்டில்ல கிடந்த பய! நான் மட்டும் காலம்பூரா பஸ்ல தொங்கணுமா?"

"தொங்கு. கைக்கு நல்லது."

"மெஸ்ஸுல ஒரு தலை குறைஞ்சிரும்னு பண்றீங்க."

"ஆமாமா. நீ திங்கிற பன்னெண்டு தோசையிலதான் நான் மாடி மேல மாடி கட்டுறேன்."

"ஃபாதர்கிட்ட லெட்டர் வாங்கிக்கிட்டு நேரா ஸ்டேஷனுக்குப் போறேன். அந்த ரிப்போர்ட்டை மாத்தி எழுத வைக்கலைன்னா பாருங்க."

விறுவிறுவென்று கிளம்பிவிட்டான். வாசற்படியைத் தாண்டுவதற்குள் அக்காவின் போன் அடித்தது.

யார் என்று மெஸ்ஸில் எல்லோருக்கும் தெரியும். வாரத்துக்கு இரண்டு தடவை கூப்பிடுகிற மோசடி 'பேங்க் ஆபீசர்'. மற்றவர்கள் நாலு வார்த்தை திட்டிவிட்டு வைத்துவிடுவார்கள். அக்கா மட்டும் முக்காலி போட்டு உட்கார்ந்து பேசுவாள். 'பேங்க் மாப்பிள்ளை' என்று பையன்கள் ஓட்டுவார்கள். அக்கா கண்டுகொள்ள மாட்டாள்.

இன்றைக்கு அவள் முகம் மாறியது.

"டேய், நில்லு. இதைக் கேட்டுட்டுப் போ. நடுவுல வாயைத் திறந்தே, கரண்டி பறக்கும்."

ஸ்பீக்கரைப் போட்டாள்.

"மேடம், உங்க ஏடிஎம் கார்டு இன்னையோட பிளாக் ஆகுது. கார்டுல இருக்கிற பதினாறு நம்பரையும் சொல்லுங்க."

அக்கா கேஸ் சிலிண்டர் புத்தகத்தைப் பிரித்து, அதிலிருந்த நம்பரை ஒவ்வொன்றாக வாசித்தாள். பாதியில் நிறுத்தி, மூக்கில் இருந்த கண்ணாடியைத் தேடினாள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

"சார், ஒரு நிமிஷம், பால் பொங்குது."

அடுப்பில் பாலே இல்லை. அக்காவின் பார்வை சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. பத்து நிமிஷம் தாண்டிய பிறகு அந்தப் பக்கத்துக் குரல் தணிந்தது.

"மேடம்... இன்னைக்கு என்ன குழம்பு?"

ஃபிராங்க்ளினுக்கு அந்தக் குரல் தெரியும். தினமும் பாதி மாடிப்படியில் நின்று, இதே கேள்வியை இதே இழுப்போடு கேட்டவன் ஒருத்தன்தான். கீழ்க் கட்டில் சதீஷ்.

"வத்தக்குழம்பு, சார். சுட்ட அப்பளம்."

எச்சில் விழுங்கும் சத்தம் கேட்டது. பின்னால் யாரோ புரியாத பாஷையில் அதட்டினார்கள். லைன் அறுந்தது.

ஃபிராங்க்ளின் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா... இது..."

"அவனேதான். முதல் தடவை பேசினப்பவே கிசுகிசுன்னு சொல்லிட்டான். பாங்காக்ல இறக்கி, ஆத்தைத் தாண்டி எங்கேயோ கொண்டுபோய் அடைச்சுட்டானுங்க. பாஸ்போர்ட்டையும் பிடுங்கியாச்சு. ஒரு ஆளைப் பத்து நிமிஷம் பேச்சுல பிடிச்சு வச்சா அன்னைக்கு அடி கிடையாதாம். அவன் அம்மாவும் மனு மேல மனு போட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க."

"அப்போ அந்த நீச்சல் குளம்?"

"போட்டோ எடுத்தவன் இன்னொரு கையில என்ன வச்சிருந்தான்னு போட்டோவுல தெரியுமா?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா. நான் வரலைடான்னு நானே மெசேஜ் போட்டிருப்பேன்."

"போடுவே. ஒரு ஆளைக்கூட இழுக்க முடியலையான்னு உதை யாருக்கு விழும்? போலீஸே பாஸ்போர்ட் தரலைன்னா அவனை யார் என்ன சொல்ல முடியும்?"

ஃபிராங்க்ளின் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தான்.

"அதுக்காக இவ்வளவு பொய்யாக்கா? நாயைக்கூட விடலையே..."

ஹால்தார் பாபு சாப்பிட்ட எச்சில் தட்டை அக்கா கையில் எடுத்தாள்.

"போன வருஷம் சதீஷைப் பத்தி விசாரிக்க வந்ததும் இவர்தான். இதே தோசைதான் போட்டேன். தங்கமான பையன்னு, ஒரு வார்த்தை கூட்டாம குறைக்காம, உண்மையைத்தான்டா சொன்னேன்."